அளவறிந்து ஏற்றிய பளு

உடல் வலிமையைப் போற்றாத சமுதாயம் உலகில் இல்லை. தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கக் காணலாம். உருண்டு திரண்ட அக்கல்லைக் குந்தி அணைத்து, முழங்காலில் ஏற்றி, மார்பில் சாய்த்து, தோளுக்கு மேலாகப் பின்புறம் எறியவல்லவனையே ஊரார் இளவட்டம் என ஒப்புக்கொண்டனர். பெண் கொடுப்போரும் அக்கல்லையே சான்றாகக் கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் இளைஞனின் ஆண்மையை அளக்கக் கற்களைத் தூக்கச் செய்யும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று.

எனினும், கல்லுக்கு ஒரு குறை உண்டு. அது இளைஞனைச் சோதிக்குமேயன்றிப் பயிற்றுவிக்காது. இன்று தூக்க இயலாதவன் நாளை வந்தாலும் அதே எடையே அவனை எதிர்கொள்ளும். தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே கால் வைத்தேற ஒரு படியும் அதில் இல்லை. வலிமையைச் சோதிப்பது வேறு. வலிமையை வளர்ப்பது வேறு. இவ்வேறுபாட்டை மாந்தர் உணர்ந்து, வளர்ப்பதற்கெனத் தனியாக ஒரு நெறியைக் கண்ட வரலாறே ஒலிம்பிக் பளு தூக்கும் பயிற்சியின் வரலாறு எனலாம்.

கன்று காளையான கதை

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் இருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரில் மைலோ என்ற மல்லன் வாழ்ந்தான். பண்டைய ஒலிம்பிக் மற்போரில் அவன் ஆறு முறை வென்றவன். அவனைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. பிறந்த கன்று ஒன்றை அவன் நாள்தோறும் தோளில் சுமந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, இறுதியில் காளையையே சுமந்தானாம்.

கதை உண்மையோ கற்பனையோ, அதனுள் ஒரு கருத்து உள்ளது. உடல் தன்மீது ஏற்றப்படும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். சுமை சிறிது சிறிதாக மிகுந்தால் வலிமையும் சிறிது சிறிதாக மிகும். ஆயினும், கன்று தன்னைத் தூக்குபவனின் களைப்பை அறியாது. அவன் நோயுற்ற நாளிலும் அது வளரும். ஆகவே, கன்றைப்போல் வளரக்கூடியதும், மாந்தன் விரும்பும் அளவிற்கு மட்டுமே வளர்வதுமான ஒரு பளு தேவைப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் மேடைப் பலவான்கள் இரு முனைகளிலும் இரும்புக் குண்டுகள் பொருத்திய தண்டுகளைத் தூக்கிக் காட்டினர். அவற்றுள் பெரும்பாலானவை இளவட்டக்கல்லைப் போலவே மாறாத எடை கொண்டவை. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆலன் கால்வெர்ட் என்பவர், எடையைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்ற பார்பெல்லைச் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் மைலோ என்பதே. கதையில் கன்று செய்த வேலையை இனி இரும்பு செய்யலாயிற்று. காலப்போக்கில் குண்டுகள் மறைந்து வட்டத் தகடுகள் வந்தன. ஒரு சிறு தகட்டைச் சேர்ப்பதும் கழற்றுவதும் தூக்குபவனின் கையில் இருந்தமையால், வலிமைக்கு முதன்முறையாகப் படிக்கட்டு அமைந்தது.

ஒலிம்பிக் அரங்கில்

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாம் நவீன ஒலிம்பிக் விளையாட்டிலேயே பளு தூக்குதல் இடம் பெற்றது. ஒரு கையால் தூக்கும் போட்டியில் பிரிட்டனைச் சேர்ந்த லான்ஸ்டன் எலியட் 71 கிலோகிராம் தூக்கி வென்றார். இவர் இந்தியாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இரு கைகளால் தூக்கும் போட்டியில் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் எலியட்டும் 111.5 கிலோகிராம் தூக்கிச் சமநிலை எய்தினர். தூக்கிய பாங்கு சிறந்தது எனக் கருதி நடுவர் ஜென்சனுக்கு முதலிடம் அளித்தனர். அப்போட்டியில் உடல் எடைப் பிரிவுகள் இல்லை. சிறிய உடலினரும் பெரிய உடலினரும் ஒரே வரிசையில் நின்றனர்.

1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஐந்து எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கைத் தூக்குகள் நீக்கப்பட்டு, இரு கைகளால் தூக்கும் மூன்று முறைகள் நிலைபெற்றன. அவற்றுள் முதலாவது பிரஸ். தோளுக்குக் கொணர்ந்த பளுவைக் கைகளின் வலிமையால் மட்டும் மேலே உயர்த்துவது. இரண்டாவது ஸ்னாட்ச், பளுவைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு செல்வது. மூன்றாவது கிளீன் அண்ட் ஜெர்க். முதலில் தோளுக்கும், பின்னர்க் கால்களின் உந்துதலால் தலைக்கு மேலும் உயர்த்துவது. வீரர்கள் உடலைப் பின்னே வளைத்துப் பிரஸ் செய்யத் தொடங்கியதால் நடுவர்கள் தீர்ப்பளிக்க இடர்ப்பட்டனர். ஆகவே, 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின் பிரஸ் கைவிடப்பட்டது. எஞ்சிய இரண்டே இன்றும் நடைமுறையில் உள்ளன.

இவ்விரு தூக்குகளுக்கும் வலிமை மட்டும் போதாது. விரைவும், மூட்டுகளின் நெகிழ்வும், உடற்சமநிலையும் ஒருங்கே வேண்டும். பளு மேலெழும் நொடியில் வீரன் அதன் கீழே குந்தி அமர்ந்து, அதனைத் தாங்கியவாறே எழ வேண்டும். கால்களில் வலிமை குன்றினால் நுட்பம் பயன்படாது; நுட்பம் குன்றினால் வலிமை வீணாகும். இதனால்தான், இத்தூக்குகளைத் திரும்பத் திரும்பச் செய்வதோடு நில்லாமல், அவற்றிற்கு அடித்தளமாகும் வலிமையைத் தனியே வளர்க்கும் தேவையும் எழுந்தது.

மருத்துவமனையில் கிடைத்த சான்று

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பளு தூக்குதலை மருத்துவர்களும் விளையாட்டுப் பயிற்றுநர்களும் ஐயத்துடனேயே நோக்கினர். தசைகள் இறுகி உடல் நெகிழ்வை இழக்கும் என்றும், இதயம் கேடுறும் என்றும் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைத் தளர்த்தியவருள் ஒருவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இளமையில் முடக்குக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர்ப் பளுப் பயிற்சியால் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர்.

இரண்டாம் உலகப் போரில் முழங்கால் காயமுற்ற வீரர்கள் சிகாகோ நகரின் இராணுவ மருத்துவமனையில் நிறைந்திருந்தனர். இலேசான அசைவுகளைப் பன்முறை செய்யச் சொல்வதே அந்நாளைய வழக்கம். தேறுதல் மெதுவாக இருந்தது. டிலோர்ம் அவர்களைக் கனத்த பளுவைத் தூக்கச் செய்தார். வலிமை கூடுந்தோறும் பளுவையும் கூட்டினார். அதன் பயனை 1945ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் அம்முறையைச் சுருக்கி, மூன்று சுற்றுகளாக வகுத்தார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் பளு எதுவெனக் கண்டு, முதற்சுற்றில் அதன் பாதியையும், இரண்டாம் சுற்றில் முக்காற்பங்கையும், மூன்றாம் சுற்றில் முழுமையையும் பத்துப் பத்து முறை தூக்கச் செய்வதே அம்முறை.

மைலோவின் கதையில் ஒளிந்திருந்த கருத்து இவ்வாறு எண்களால் எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆற்றலே அளவுகோல் என்பது இதன் உயிர்நாடி. வள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்ததையும், மயிலிறகுச் சுமையைக் காட்டி அளவறியும் நெறியை உணர்த்தியதையும் தமிழ் மாணவர் இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும்.

மலாயாவும் சிங்கப்பூரும்

பளு தூக்குதலின் வரலாற்றில் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் உரிய பக்கங்கள் உள்ளன. 1950ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் மலாயாவின் தோ ஃபூக் ஹங், கோ எங் தோங் ஆகிய இருவர் தங்கம் வென்றனர். சிற்றுடல் படைத்த ஆசியரும் பளுவில் சிறக்க முடியும் என்பதற்கு அவ்வெற்றிகள் சான்றாயின.

சிங்கப்பூரின் டான் ஹாவ் லியாங் 1933ஆம் ஆண்டில் சீனாவின் சுவாத்தோ நகரில் பிறந்து, குழந்தையாகவே சிங்கப்பூருக்கு வந்தவர். 1952இல் கே வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் நடந்த பளு தூக்கும் போட்டியைப் பார்த்தபின் அவ்விளையாட்டில் ஈடுபட்டார். 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவருக்கு ஒன்பதாம் இடமே கிட்டியது. 1958இல் கார்டிஃப் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்றதோடு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் உலகச் சாதனையும் படைத்தார். அதே ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டிலும் தங்கம் பெற்றார்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கின் 67.5 கிலோகிராம் பிரிவில் அவர் பிரஸ்ஸில் 115, ஸ்னாட்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 155 என மொத்தம் 380 கிலோகிராம் தூக்கினார். இறுதிக் கட்டத்தில் கால்களில் கடும் வலி கண்டது. மருத்துவமனைக்குச் செல்லுமாறு மருத்துவர்கள் கூறியும் அவர் மேடையை விட்டு நீங்கவில்லை. ஈராக்கின் அப்துல் வாஹித் அசீசும் 380 கிலோகிராமே தூக்கியிருந்தார். உடல் எடை குறைந்தவர் என்பதால் வெள்ளிப் பதக்கம் டான் ஹாவ் லியாங்கிற்கு உரியதாயிற்று. சிங்கப்பூர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்திற்கு அந்நாடு 2008ஆம் ஆண்டு வரை, அதாவது 48 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 91ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஒன்பதாம் இடத்திற்கும் வெள்ளிக்கும் இடைப்பட்டவை நான்கு ஆண்டுகள். ஒரே இரவில் எவருக்கும் வலிமை வருவதில்லை என்பதற்கு அந்நான்கு ஆண்டுகளே போதிய விளக்கம்.

சுமையும் ஓய்வும்

ரோமில் அதே பிரிவில் 397.5 கிலோகிராம் தூக்கித் தங்கம் வென்றவர் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் புஷுயெவ். அந்நாட்டில் பளு தூக்குதல் அதற்குள் உடற்கல்விக் கழகங்களில் ஆராயப்படும் துறையாக வளர்ந்திருந்தது.

அவ்வாய்வுகளுக்குத் துணைநின்ற கருத்து ஒன்று கனடாவிலிருந்து வந்தது. மொன்றியால் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, உடல் எந்நெருக்கடியையும் மூன்று நிலைகளில் எதிர்கொள்ளும் என 1936இல் எடுத்துரைத்தார். முதலில் அதிர்ச்சி, அடுத்து அதற்குத் தக்க எதிர்ப்பாற்றல், நெருக்கடி ஓயாது தொடர்ந்தால் இறுதியில் சோர்வு. பளுவும் உடலுக்கு ஒரு நெருக்கடியே. அளவோடு தந்து ஓய்வும் தந்தால் உடல் வலுப்பெறும். ஓய்வின்றித் தந்தால் தளரும். பளுவைத் தூக்கும் வேளையில் உடல் களைக்கின்றது. உணவும் உறக்கமும் கொள்ளும் வேளையிலேயே அது வலுக்கின்றது.

சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960களில், ஆண்டு முழுவதையும் பருவங்களாகப் பகுக்கும் முறையை வகுத்துரைத்தார். உழவன் உழுதல், விதைத்தல், களையெடுத்தல், அறுத்தல் எனப் பருவம் பிரிப்பதை இஃது ஒத்தது. தொடக்கப் பருவத்தில் பளு குறைவாகவும் தூக்கும் எண்ணிக்கை மிகுதியாகவும் இருக்கும். போட்டி நெருங்க நெருங்கப் பளு கூடும், எண்ணிக்கை குறையும். போட்டிக்குப் பின் ஓய்வுப் பருவம் வரும்.

அ. பிரிலெப்பின் என்னும் சோவியத் பயிற்றுநர் வீரர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து அட்டவணை ஒன்றைத் தொகுத்தார். ஒரு முறை 100 கிலோகிராம் தூக்கவல்ல வீரனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவன் 70 முதல் 80 கிலோகிராம் வரையிலான பளுவைச் சுற்றுக்கு 3 முதல் 6 முறை வீதம், ஒரு நாளில் மொத்தம் ஏறத்தாழ 18 முறை தூக்குவது நன்று. 80 முதல் 90 வரை எனில் சுற்றுக்கு 2 முதல் 4 முறை வீதம், மொத்தம் 15 முறை. 90ஐக் கடந்தால் சுற்றுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும். மொத்தமும் பத்தைத் தாண்டலாகாது. பெரும்பாலான நாள்களில் வீரன் தன் முழு ஆற்றலுக்கும் குறைந்த பளுவையே தூக்கி, முழு ஆற்றலை வளர்த்துக்கொள்கின்றான் என்பதே இவ்வட்டவணையின் பொருள்.

எல்லை கடந்தபோது

இதற்கு மாறான வழியொன்றைப் பல்கேரியா மேற்கொண்டது. பயிற்றுநர் இவான் அபட்ஜியெவ் பயிற்சிகளைச் சிலவாகச் சுருக்கி, ஏறக்குறைய உச்சப் பளுவையே நாள்தோறும், ஒரே நாளில் பலமுறை தூக்கச் செய்தார். 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் சிறிய நாடாகிய பல்கேரியா பளு தூக்குதலில் மூன்று தங்கம் வென்றது. உலகம் வியந்தது. அங்குப் பயின்று, பின்னர்த் துருக்கியின் சார்பில் போட்டியிட்ட நயிம் சுலைமானோக்லு, 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கின் 60 கிலோகிராம் பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 190 கிலோகிராம் தூக்கினார். அது அவ்வெடைப் பிரிவின் அளவைப்போல் மும்மடங்கிற்கும் மேற்பட்டது.

அவ்வெற்றிகளின் மறுபக்கம் கசப்பானது. கடுமை தாளாது காயமுற்று விலகிய இளைஞர் பலர். அதனினும் கொடியது ஊக்கமருந்து. தசை வளர்க்கும் மருந்துகளுக்கான சோதனை ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1976இல் மொன்றியாலில் நடைபெற்றபோது, பல்கேரியாவின் வாலண்டின் கிறிஸ்தோவும் போலந்தின் ஸ்பிக்னியெவ் காச்மரெக்கும் வென்ற தங்கத்தை இழந்தனர். 1988இல் சோலில் பல்கேரிய வீரர் இருவரின் தங்கம் பறிக்கப்பட்டது. அந்நாட்டு அணியே போட்டியிலிருந்து விலகிற்று. 2008, 2012ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் மாதிரிகளைப் பின்னாளில் மீண்டும் சோதித்தபோதும், பளு தூக்குதலில் பல நாட்டினரின் பதக்கங்கள் பறிபோயின.

மருந்து செய்தது யாது? ஓய்வு செய்ய வேண்டிய பணியைக் குறுக்கு வழியில் செய்ய முனைந்தது. அளவை மீறியதன் விலையை உடலும் கொடுத்தது; நாட்டின் பெயரும் கொடுத்தது. நேர்மையாகத் தூக்கி நான்காம் இடத்தில் நின்றவர்கள், தங்களுக்கு உரிய பதக்கத்தை மேடையில் பெறும் பேற்றினை என்றென்றைக்குமாக இழந்தனர்.

பொதுமக்களின் கைக்கு வந்த பளு

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மகளிர் பளு தூக்குதல் முதன்முறையாக இடம் பெற்றது. ஆந்திரத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோகிராம் பிரிவில் மொத்தம் 240 கிலோகிராம் தூக்கி வெண்கலம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். தமிழகத்தின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் நடந்த பொதுநலவாய விளையாட்டுகளில் 77 கிலோகிராம் பிரிவில் தங்கம் வென்றார். 2022இல் பர்மிங்ஹாமில் மலேசியாவின் முகமட் அனிக் காஸ்டான் 55 கிலோகிராம் பிரிவில் 249 கிலோகிராம் தூக்கித் தங்கம் கொணர்ந்தார்.

இதே காலத்தில் பளு தூக்குதல் பொதுமக்களிடமும் பரவிற்று. அன்றாட வாழ்வில் உடல் செய்யும் குனிதல், தூக்குதல், சுமத்தல், ஓடுதல், ஏறுதல் ஆகியவற்றை ஒருங்கே பயிற்றும் முறையைச் செயற்பாட்டு உடற்பயிற்சி என்பர். 2000க்குப் பின் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய கிராஸ்ஃபிட் அவ்வகையைச் சேர்ந்தது. ஸ்னாட்சும் கிளீன் அண்ட் ஜெர்க்கும் அதன் பயிற்சிகளுள் அடங்கும். அலுவலகப் பணியாளரும் இல்லத்தரசியரும்கூடப் பார்பெல்லைக் கையில் எடுத்தனர்.

ஆனால், எல்லாவற்றையும் ஒரே வேளையில் பயில்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1980ஆம் ஆண்டில் ராபர்ட் ஹிக்சன் என்னும் ஆய்வாளர் மூன்று குழுவினரைப் பத்து வாரங்கள் பயிற்றினார். ஒரு குழு வலிமைப் பயிற்சி மட்டும் செய்தது. மற்றொன்று ஓட்டம், மிதிவண்டி முதலிய தாக்குப்பிடிக்கும் பயிற்சி மட்டும் செய்தது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. இரண்டையும் செய்தவர்களின் வலிமை முதல் ஏழு வாரங்கள் நன்கு வளர்ந்தது, பின்னர் நின்றது, ஒன்பது, பத்தாம் வாரங்களில் குறையவே தொடங்கிற்று. வலிமைப் பயிற்சி மட்டும் செய்தவர்களோ தொடர்ந்து வளர்ந்தனர்.

ஆகவே, செயற்பாட்டு உடற்பயிற்சியின் வழியே ஒலிம்பிக் தூக்குகளில் வலிமை பெற விழைவோர்க்கு ஒழுங்கமைப்பு இன்றியமையாதது. உடல் களைக்கும் முன்பே, வகுப்பின் தொடக்கத்தில், தூக்கும் நுட்பத்தைப் பயில வேண்டும். அடுத்து, பளுவுடன் குந்தி எழுதல், தரையிலிருந்து இழுத்தல், தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகிய அடிப்படைப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். மூச்சு வாங்கச் செய்யும் பயிற்சியை இறுதியிலோ வேறொரு நாளிலோ வைத்துக்கொள்ள வேண்டும். பளுவைச் சிறு தகடுகளால் கூட்டிச் சென்று, சில வாரங்களுக்கு ஒரு முறை சுமையைக் குறைத்து உடலைத் தேறவிட வேண்டும். தொடக்க வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் தசைகளை இயக்கக் கற்பதால் வருவது என்பதை 1979இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. தசை பின்னரே வளர்கின்றது. உடலும் முதலில் பாடம் கற்று, பிறகே பருக்கின்றது.

குறிப்பேடு கூறும் உண்மை

இந்நெடிய வரலாற்றில் மாந்தனின் எலும்பும் தசையும் மாறவில்லை. மாறியவை அளவும் முறையும் ஆகும். கல் தகடாயிற்று, கதை கணக்காயிற்று, ஒரு நாள் வீரம் ஓராண்டுத் திட்டமாயிற்று. இம்மாற்றம் முழுவதையும் தாங்கி நிற்கும் கருவி பளு தூக்கும் கூடத்தின் மூலையில் கிடக்கும் ஒரு சாதாரணக் குறிப்பேடு. இன்று தூக்கிய பளு எவ்வளவு, எத்தனை முறை, உறங்கிய நேரம் எவ்வளவு என்பதை அது மறவாது காட்டும். அதில் பொய் எழுதுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். அடுத்த வாரப் பளு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பள்ளியில் உடற்கல்வி பயிற்றுவோர்க்கு இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. வகுப்பில் வலியவனைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவது இளவட்டக்கல்லின் வேலை. அதனைச் செய்ய ஆசிரியர் தேவையில்லை. தூக்க இயலாத மாணவனுக்கு அவன் தூக்கக்கூடிய தகட்டைத் தெரிந்தெடுத்துக் கொடுத்து, அடுத்த வாரம் அதனினும் சற்றுப் பெரியதைக் கொடுப்பதே ஆசிரியரின் வேலை. உடலுக்குப் பொருந்தும் இந்நெறி எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருந்தாமற் போகாது.